பொருளாதார வரலாறு படிக்க எந்த வாசலில் நிற்பது?

மேலூர்_மாணவன்

வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப் போகிறேன். அடுத்து ஆய்வுக்குப் போக ஆசை. எதில் என்று கேட்டால் பொருளாதார வரலாறு என்கிறேன், அங்கேதான் சிக்கல். எங்கள் துறையில் “அது வரலாற்றுக்காரர்கள் வேலை, நீ எகனாமெட்ரிக்ஸை (பொருளாதாரப் புள்ளியியலை) ஒழுங்காகப் படி” என்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். “பழைய ஆவணம் எதையாவது தொட்டுப் பார்த்திருக்கிறாயா? பழைய மராத்தி ஆவணங்களின் மோடி எழுத்து வாசிப்பாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார், அவ்வளவுதான்.

இது தனித்துறையா, இல்லை இரண்டு வயலுக்கும் நடுவில் கிடக்கும் வரப்பா? உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குறுக்குச்சால்

வேலை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். தனித்துறையா என்பதை அப்புறம் பேசலாம்.

கொங்கு வாத்தியார்

தம்பி, இந்த வரப்புத் தகராறு உங்கள் கல்லூரியில் ஆரம்பித்ததல்ல, 130 ஆண்டுப் பழசு. பொருளாதார வரலாற்றுக்கென்றே உலகில் முதல் பேராசிரியர் பதவி 1892-இல் ஹார்வர்டில் உருவானது. அதில் அமர்ந்தவர் வில்லியம் ஆஷ்லி என்ற இங்கிலாந்துக்காரர். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் கன்னிங்ஹாம், பொருளாதாரக் கோட்பாட்டாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் வரலாற்றைத் தன் கோட்பாட்டுக்கு ஏற்ப வளைக்கிறார் என்று எகனாமிக் ஜர்னலில் கடுமையாக எழுதினார். மார்ஷல் பதில் எழுதினார். மார்ஷல் பக்கம், விதி எல்லாக் காலத்துக்கும் பொது என்கிறது. கன்னிங்ஹாம் பக்கம், அந்தந்தக் காலத்தின் நிறுவனங்களையும் வழக்கங்களையும் தெரிந்துகொள்ளாமல் விதி பேசாதே என்கிறது. இன்றைக்கும் சண்டை இதேதான். கணக்குப் போடும் கருவிகள்தான் மாறியிருக்கின்றன.

பிறகு 1926-இல் இங்கிலாந்தில் பொருளாதார வரலாற்றுச் சங்கம், அடுத்த ஆண்டே அதன் இதழ். டானி, ஐலீன் பவர் போன்ற வரலாற்றாசிரியர்கள் முன்னால் நின்றார்கள். 1929-இல் பிரான்சில் மார்க் ப்ளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் அனால் இதழைத் தொடங்கினார்கள். அதன் முதல் பெயரிலேயே ‘பொருளாதார, சமூக வரலாறு’ என்றுதான் இருந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இதற்குத் தனித்துறையே வைத்திருந்தன. 1980-களுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வரலாற்றோடோ பொருளாதாரத்தோடோ சேர்த்துவிட்டார்கள். பெரிய தனித்துறையாக நிலைத்தது என்றால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சொல்லலாம். நம் நாட்டில் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அலிகார், ஜே.என்.யூ. என்று பேர்போன இடங்கள் உண்டு. ஆனால் தனிப் பெயர்ப்பலகை தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள்.

சில்லறைக் காசு

துறைகள் மூடியதைச் சொன்னீர்கள் ஐயா, ஆட்கள் எங்கே போனார்கள் என்பதையும் சொல்லுங்கள். பொருளாதாரத் துறைக்குப் போனார்கள்.

1958-இல் கான்ராட், மேயர் இருவரும் அமெரிக்க அடிமைமுறை முதலாளிக்கு லாபம் தந்ததா என்பதை முதலீட்டுக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். 1964-இல் ராபர்ட் ஃபோகல் அதைவிடத் துணிச்சலாக ஒரு கேள்வி கேட்டார்: ரயிலே வந்திருக்காவிட்டால்? கால்வாயும் வண்டிப்பாதையும் மட்டும் இருந்திருந்தால் 1890-இல் அமெரிக்கா எவ்வளவு இழந்திருக்கும்? அவருக்குக் கிடைத்த விடை, தேசிய வருமானத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே. ‘ரயில் இல்லாமல் அமெரிக்கா இல்லை’ என்று பாடப்புத்தகங்கள் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. வரலாற்றைப் பொருளாதாரக் கோட்பாட்டாலும் கணக்காலும் ஆராயும் இந்த முறைக்குத்தான் கிளியோமெட்ரிக்ஸ் என்று பெயர். ஃபோகலுக்கும் டக்ளஸ் நார்த்துக்கும் 1993-இல் பொருளாதார நோபல். 2023-இல் கிளாடியா கோல்டின், 2024-இல் அசெமோக்லு குழு, 2025-இல் ஜோயல் மொகிர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரலாற்றில் கை வைத்தவர்களுக்கே போயிருக்கிறது. குறுக்குச்சால் கேட்ட வேலை கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம். ரயில் வந்ததால் இங்கே வியாபாரச் செலவு எவ்வளவு குறைந்தது என்று டேவ் டொனால்ட்சனுக்குத் தெரிய வேண்டும். கூலி, வாடகை ரசீதெல்லாம் எல்லா ஊருக்கும் கிடைக்காது. அவர் உப்பைப் பிடித்தார். ஒவ்வொரு வகை உப்பும் ஒரே இடத்தில்தான் விளைந்தது. அந்த இடத்து விலைக்கும் தொலைதூர மாவட்டத்து விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கொண்டுபோகும் செலவு. இந்த விலைகளை ஆங்கிலேயர் மாவட்டவாரியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பி, ஒரு மாவட்டத்துக்கு ரயில் வந்தபோது விவசாய வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்தது என்று முடித்தார். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த அழகான கணக்குகளில் அதுவும் ஒன்று. மோடி எழுத்து தெரியாமலே போட்டது.

ஆவணப்பூச்சி

உப்புக் கணக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபோகல் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

1974-இல் ஃபோகலும் எங்கர்மனும் அடிமைமுறை பற்றி ஒரு நூல் எழுதினார்கள். லூசியானாவில் பென்னட் பாரோ என்ற பண்ணையாரின் நாட்குறிப்பில் யார் யாருக்குக் கசையடி என்ற பட்டியல் இருந்தது. அதைக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 0.7 கசையடித் தண்டனை என்று எழுதினார்கள். படிப்பவருக்கு என்ன தோன்றும்? பரவாயில்லையே, ஒருவனுக்கு ஆண்டுக்கு ஒருமுறைகூட இல்லையே என்று.

வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் அதே நாட்குறிப்பை எடுத்தார். இரண்டு ஆண்டுகளில் 160 கசையடித் தண்டனைகள். சராசரியாக நான்கரை நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் எல்லோர் கண்ணெதிரிலும் அடி வாங்கியிருக்கிறார். கசையடி எதற்கு இருக்கிறது? வாங்குபவனுக்கு மட்டுமா, பார்ப்பவனுக்கும் சேர்த்துத்தானே? அப்படியானால் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பதில் என்ன பொருள்? வகுத்த ஆள் எண்ணிக்கையே பிசகு என்பதையும் அவர் காட்டினார்.

ஆவணம் ஒன்றுதான், கூட்டலிலும் பெரிய தகராறு இல்லை. எதை எதனால் வகுப்பது என்ற கேள்வியில் இருவரும் பிரிகிறார்கள். அந்தக் கேள்விக்கு எகனாமெட்ரிக்ஸ் வகுப்பில் பதில் கிடைக்காது.

சில்லறைக் காசு

கட்மன் சொன்னதும் ஒரு வகுத்தல்தான், அதைக் கவனியுங்கள். கணக்கு தெரிந்ததால்தான் கணக்கை உடைத்தார்.

வீரத்தமிழன்88

எல்லோரும் அமெரிக்கா, லண்டன் என்றே பேசுகிறீர்கள். 1700-இல் உலக வருமானத்தில் 27 சதவீதம் இந்தியாவிடம் இருந்தது. வெள்ளைக்காரன் போகும்போது 4 சதவீதம். இது ஒன்று போதும். பொருளாதார வரலாறு என்ற பெயரில் இதை மூடி மறைக்கத்தான் இத்தனை துறையும் இத்தனை இதழும்.

சில்லறைக் காசு

யாரும் மறைக்கவில்லை நண்பரே. அந்த எண்ணே இந்தத் துறை தந்ததுதான். ஆங்கஸ் மேடிசன் என்பவர் 2001-இல் வெளியிட்ட அட்டவணை. 1700-க்கு அவர் தரும் பங்கு 24.4 சதவீதம். 27 என்பது அதே அட்டவணையில் இந்தியாவின் மக்கள்தொகைப் பங்கு. எங்கோ இரண்டும் கலந்துவிட்டன.

அந்த 24.4 எப்படி வந்தது தெரியுமா? உட்கார்ந்து பெருக்கிப் பாருங்கள். மக்கள்தொகை 16.5 கோடி. தலைக்கு 550 டாலர், 1990-ஆம் ஆண்டு சர்வதேச டாலரில், அதாவது நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய டாலரில். பெருக்கினால் 9,075 கோடி. மேடிசன் பட்டியலில் இருக்கும் இந்திய வருமானமும் சரியாக 9,075 கோடி. உலகத்துக்கு 37,100 கோடி சொச்சம். வகுத்தால் 24.4.

அந்த 550 யாரும் அளந்ததல்ல, அது ஓர் அனுமானம். உயிர் பிழைக்கக் குறைந்தபட்சம் 400 என்று வைத்துக்கொண்டு, இந்தியா அதற்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும் என்று போட்ட மதிப்பு. நம்பிக்கை இல்லையென்றால் இன்னும் பின்னால் போங்கள். கி.பி. தொடக்கத்தில் இந்தியாவுக்கு 7.5 கோடி பேர், தலைக்கு 450. மொத்தம் 3,375 கோடி. கி.பி. 1000-க்கும் 7.5 கோடி பேர், அதே 450, அதே 3,375 கோடி. சாதவாகனர் வந்து போய், பல்லவர் வந்து போய், ராஜராஜன் பெரிய கோயிலே கட்டப் போகிறான், எண் அசையவில்லை.

அந்தக் காலத்தில் எல்லா நாட்டுக்கும் தலைக்கு வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வைத்துவிட்டால், உலக வருமானத்தில் பங்கு என்பது மக்கள்தொகைப் பங்கின் இன்னொரு பெயர். ஆள் அதிகம், அதனால் பங்கு அதிகம். பணக்கார நாடு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதே அட்டவணைப்படி 1700-இல் உலகச் சராசரி 615, பிரிட்டன் 1,250, நாம் 550.

ஆவணப்பூச்சி

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1700 வரிசையில் இருக்கும் ‘இந்தியா’ இன்றைய பாகிஸ்தான், வங்காளதேசம் எல்லாம் சேர்ந்தது. 4.2 சதவீதம் என்ற 1950 வரிசையில் இருப்பது பிரிவினைக்குப் பிந்தைய இந்தியா மட்டும். வங்காளத்தின் பாதியையும் பஞ்சாபின் பாதியையும் கழித்துவிட்டு, பங்கு குறைந்துவிட்டது என்று காட்டுகிறோம். அட்டவணையின் அடிக்குறிப்பில் எல்லாம் இருக்கிறது. ஃபார்வர்டு செய்பவருக்கு அடிக்குறிப்பு ஏது!

வீரத்தமிழன்88

அப்படியென்றால் கொள்ளையே நடக்கவில்லை என்கிறீர்களா? வங்கப் பஞ்சமும் தாது வருஷப் பஞ்சமும் கட்டுக்கதையா?

சில்லறைக் காசு

அப்படி எங்கே சொன்னேன்? உங்கள் கோபத்துக்கு அதைவிட நல்ல எண் அதே பக்கத்தில் இருக்கிறது. 1700-இல் தலைக்கு 550, 1950-இல் 619. இரண்டரை நூற்றாண்டில் இவ்வளவுதான் ஏற்றம். அதே காலத்தில் உலகச் சராசரி மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. ‘27-லிருந்து 4’ என்பதை யாரும் எளிதாக உடைத்துவிடலாம். இதை உடைப்பது கஷ்டம்.

மேடிசனோடு துறை நின்றுவிடவும் இல்லை. பிராட்பெரி, கஸ்டோடிஸ், குப்தா மூவரும் 2015-இல் பயிர், கைத்தொழில், சேவை என்று உற்பத்திப் பக்கத்திலிருந்து 1600 முதல் 1871 வரை கணக்கைப் புதிதாகக் கட்டினார்கள். அதன்படி 1600-இல் இந்தியரின் தலா வருமானம் பிரிட்டனில் 60 சதவீதத்துக்கு மேல். 1871-இல் 15 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் சரிவு கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தைப் பிடிப்பதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பகுதி யாருக்கும் பிடிப்பதில்லை, அதனால்தான் சண்டை ஓயவில்லை.

கொங்கு வாத்தியார்

வீரத்தமிழன் தம்பிக்கு ஒரு செய்தி. இந்தக் கோபத்தை முதலில் எண்ணாக்கியவரே இந்தத் துறைக்கு நம் பக்கத்து முன்னோடி. தாதாபாய் நௌரோஜி 1867–68-க்கு மாகாணவாரியாக விளைச்சலைக் கூட்டி, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆளுக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று காட்டினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அதுதான் மூளை. சிறை அறிக்கைகளை எடுத்து, கைதிக்குச் சோறும் துணியும் போட அரசுக்கு என்ன செலவு என்று பார்த்தார். சராசரி மனிதன் சம்பாதிப்பதைவிடச் சிறைக்கைதிக்கு ஆகும் செலவு அதிகம்! எண்கள் அத்தனையும் அரசு அறிக்கையிலிருந்தே எடுத்தவை, அதனால் மறுக்க வழியில்லை. 1902-இலும் 1904-இலும் ரொமேஷ் சந்திர தத்தின் இரண்டு தொகுதிகள். செல்வம் வெளியே உறிஞ்சப்பட்டது என்ற வாதம் இவர்களிடமிருந்துதான் வருகிறது.

1963-இல் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற அமெரிக்கர் அதையெல்லாம் மறுத்து எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பொருளாதாரம் வளர்ந்திருக்கவே வாய்ப்பு, கைத்தறியும் அழிந்துவிடவில்லை, மலிவான நூல் அதற்கு உதவியது என்றார். 1968-இல் நம் ஊர் பொருளாதார, சமூக வரலாற்று இதழில் பிபன் சந்திரா, தபன் ராய்சவுத்ரி, ஜப்பானிய அறிஞர் மாட்சுயி மூவரும் பதில் கொடுத்தார்கள். அந்த இதழைத் தேடிப் படியுங்கள். ஒருவரை ஒருவர் விடவில்லை. ஆனால் வசை பாடாமல் ஒவ்வொரு வரியாக மறுத்திருக்கிறார்கள். இந்தக் குழுமத்தில் அப்படி நடந்தால் நான் பாயசம் போடுகிறேன்.

செம்பருத்தி

பாயசத்துக்கு முன்னால் ஒன்று. இவ்வளவு நேரம் ‘தலைக்கு’, ‘தலைக்கு’ என்கிறீர்களே, பெண்கள் தலையும் அதில் உண்டா?

கைத்தறி அழிந்ததா இல்லையா என்ற சண்டையில் எல்லோரும் தறியை எண்ணுகிறார்கள். தறியில் பெரும்பாலும் ஆண் உட்கார்ந்தான். நூல் நூற்றது பெண்கள், அதுவும் எல்லாச் சாதிப் பெண்களும், விதவைகளும். ஆலை நூல் வந்ததும் முதலில் போனது ராட்டைதான். மோரிஸ் சொல்லும் ‘மலிவான நூல்’ நெசவாளிக்கு லாபம், நூற்பவளுக்கு ஒரே அடியில் வருமானம் பூஜ்யம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 1881–1931 காலத்தை ஆராய்ந்த டேனியல் தார்னர், பெண்களின் தொழில் பற்றிய எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்று ஒதுக்கி, ஆண்களை மட்டும் வைத்துப் பார்த்தார். பெரிய மாற்றம் இல்லை என்று வந்தது. அவர் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு, அந்த எண்கள் நிஜமாகவே மோசம். ஆனால் ராட்டையின் கதை பெரும்பாலும் 1881-க்கு முன்பே முடிந்துவிட்டது. மிச்சம் மீதி இருந்ததும் இந்த வடிகட்டலில் காணாமல் போகிறது.

கோல்டின் அமெரிக்காவுக்குச் செய்த வேலை இதுதான். கணக்கெடுப்பில் ‘மனைவி’ என்று எழுதிவிட்டுப் போன இடத்தில் வேறு ஆவணங்களை வைத்துத் திருத்தினார். 1890-களில் திருமணமான பெண்களில் வேலை செய்தவர்கள் கணக்கெடுப்பு சொன்னதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் நாட்டுக்கு அந்த அளவுக்கு ஒரு வேலை யாராவது செய்தால் நான் காலில் விழுவேன். மேலூர் தம்பி, காது கேட்கிறதா?

வடமராட்சியான்

லண்டனில் இருந்து எழுதுறன். எல்லோரும் ஆங்கிலேயன் காலத்தையே கதைக்கிறியள். இலங்கையில் ஒல்லாந்தர் எழுதி வைத்த தோம்புகள் இருக்கு. 18-ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக ஆட்பெயர், வயது, சாதி, ஊழியக் கடமை ஒரு பக்கம். காணி, மரம், வயல் இன்னொரு பக்கம். தலைத் தோம்பு, காணித் தோம்பு என்று சொல்லுவினம். கொழும்புச் சுவடிக்கூடத்தில் இருக்கிறதை வைத்து நெதர்லாந்து ஆட்கள் நல்ல ஆய்வு செய்திருக்கினம். ஒல்லாந்து மொழி படிக்கத் துணிஞ்சால் வயல் வெறும் வயலாகக் கிடக்கு. தமிழ் ஆட்கள் குறைவு.

மேலூர்_மாணவன்

நன்றி எல்லோருக்கும். இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செம்பருத்தி அக்கா, காது நன்றாகவே கேட்கிறது!

ஒரு சந்தேகம். 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளியும் இங்கிலாந்துத் தொழிலாளியும் ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத்தரத்தில் இருந்தார்கள் என்று பிரசன்னன் பார்த்தசாரதி எழுதியதை வகுப்பில் ஒருமுறை மேலோட்டமாகச் சொன்னார்கள். பிராட்பெரி, குப்தா இதற்கு நேர் எதிர். யாரை நம்புவது?

ஆவணப்பூச்சி

நீங்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தசாரதியின் கட்டுரை 1998-இல் வந்தது. அவர் கேட்டது எளிமையான கேள்வி. இந்தியத் துணி மலிவாக இருந்ததற்குக் காரணம் கூலி குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெள்ளியில் பார்த்தால் கூலி குறைவுதான். ஆனால் இங்கே அரிசியும் மலிவு. அப்படியானால் கூலியைத் தானியமாக மாற்றிப் பார்ப்போம். மாற்றினால் தென்னிந்திய நெசவாளி வாரக்கூலிக்கு வாங்கிய தானியம் இங்கிலாந்து நெசவாளி வாங்கியதற்குக் குறைவில்லை. நெசவாளிக்குப் பேரம் பேசும் பலமும் இருந்தது. முன்பணம் வாங்கிய பிறகும், பிடிக்காவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறலாம். வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. கம்பெனி அரசாங்கமானதும்தான் அந்தப் பலம் போனது என்பது அவர் வாதம்.

பிராட்பெரியும் குப்தாவும் 2006-இல் இன்னும் நிறைய ஊர், நிறைய ஆண்டுகளைச் சேர்த்தார்கள். வடக்கே அக்பர் காலத்து அரசு விவரத் தொகுப்பான அயினி அக்பரியிலிருந்து தொடங்கினார்கள். வெள்ளிக் கூலி தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்தைவிட மிகக் குறைவு, தானியக் கூலி அருகில் இருந்தாலும் 1800-க்கு முன்பே பின்தங்கிவிட்டது என்றார்கள்.

யாரை நம்புவது என்று கேட்டால், இருவர் கையிலும் இருக்கும் சரக்கைப் பாருங்கள் என்பேன். தெற்கே கூலி பாதிக்கு மேல் நெல்லாகவே கொடுக்கப்பட்டது. களத்தில் இத்தனை மரக்கால், அறுப்புக்கு இவ்வளவு, பொங்கலுக்கு வேட்டி, கல்யாணத்துக்கு முன்பணம். மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. கலம் என்றால் எத்தனை கிலோ என்று வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து வாழ்க்கைத்தரம் ஏறும், இறங்கும். செங்கல்பட்டு ஜாகீரில், அதாவது நவாப் கம்பெனிக்குக் கொடுத்த பகுதியில், 1767 முதல் 1774 வரை கம்பெனிப் பொறியாளர் பர்னார்டு எடுத்த அளவையில் சுமார் 2,000 ஊர்களின் விவரம் இருக்கிறது, ஓலைக் கணக்குகள்கூட உண்டு. பிற்கால ஆய்வாளர் தரம்பால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். அங்கேயும் விளைச்சல் அமோகமா, சுமாரா என்பது கடைசியில் அந்த அளவுகளை எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் போய் நிற்கிறது.

நெசவாளியின் கூலி என்பதும் ஓர் ஆளின் கூலி அல்ல. தார் சுற்றுவதும் பாவு ஓட்டுவதும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். செம்பருத்தி சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். ஒரு குடும்பத்தின் உழைப்பை எடுத்து இங்கிலாந்தின் ஒற்றை ஆளோடு ஒப்பிட்டால்?

இங்கிலாந்துப் பக்கமும் உறுதி என்று நினைக்காதீர்கள். லண்டன் கட்டடத் தொழிலாளியின் கூலி உயர்வாக இருந்தது என்பதை அடித்தளமாக வைத்துத்தான் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் தொழிற்புரட்சியையே விளக்கினார். கூலி அதிகம், நிலக்கரி மலிவு, ஆகவே இயந்திரம். 2018-இல் ஜூடி ஸ்டீவன்சன் அந்தக் கணக்குப் புத்தகங்களைத் திரும்ப எடுத்துப் படித்தார். அதில் எழுதியிருந்தது கூலியே அல்ல, ஒப்பந்ததாரர் தன் வாடிக்கையாளரிடம் வாங்கிய தொகை. நடுவில் அவர் எடுத்துக்கொண்டது போக, தொழிலாளி கைக்குப் போனது 20 முதல் 30 சதவீதம் குறைவு. பல பத்தாண்டுகளாக எத்தனையோ பேர் அந்த எண்களை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். புத்தகம் யார் யாருக்காக எழுதியது என்று ஒருவர் கேட்டதும் கூலி எண்களின் வரிசையே இறங்கிவிட்டது. வரலாற்றுப் பேராசிரியர் உங்களைப் பார்த்துச் சிரித்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

தானியக் கூலி ஏதோ ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த அளவுகோல் என்றும் எண்ண வேண்டாம். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-இல், ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாண நிவாரண வேலையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் போதும் என்று குறைத்தார். சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர் பிழைக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். அவர்கள் சண்டை போட்டதும் நாம் இப்போது போடும் அதே கணக்கில்தான். அன்றைக்குக் கணக்கு பிசகினால் ஆள் செத்தான்.

சில்லறைக் காசு

ஸ்டீவன்சன் விஷயத்தில் முழுக்கச் சம்மதம். அவர் பொருளாதார வரலாற்றுக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து யாரும் வந்து திருத்தவில்லை.

குறுக்குச்சால்

வேலை பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

கொங்கு வாத்தியார்

குறுக்குச்சாலுக்கு: பொருளாதாரத் துறையில் பட்டம் வாங்கினால் பொருளாதாரம் கற்பிக்கும் எல்லா இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம், வரலாற்றுப் பட்டத்தோடு அது நடக்காது. அதனால் தம்பி, பதிவு பொருளாதாரத்தில் இருக்கட்டும். நாள் முழுக்க எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருங்கள். அங்கே ஆங்கிலேயர் காலத்து வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன, பெரும்பகுதி ஆங்கிலம்தான்.

இந்த வழியில் போனவர்களுக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. தர்மா குமார் பொருளாதாரம் படித்தவர். நிலமற்ற கூலிகள் என்ற வர்க்கமே ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானது என்று 1952-இல் சுரேந்திர படேல் எழுதியதை அவர் 1965-இல் சென்னை மாகாண ஆவணங்களை வைத்து மறுத்தார். பள்ளர், பறையர் என்று சாதியாகவே நிலமில்லாமல், பண்ணையடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் முன்பே பெருந்தொகையாக இருந்தார்கள் என்று காட்டினார். சாதியைப் பார்க்காமல் கூலியை எண்ணியதால் வந்த பிழை அது. கல்வெட்டுப் பக்கம் போனால் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. காவிரிக்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று அடுத்தடுத்த இரண்டே ஊர்களை எடுத்து, பிராமணர்களுக்குக் கொடையான பிரம்மதேய ஊரில் நிலம் தனித்தனி ஆள் கையில், மற்ற ஊரில் பொதுவாக ஊரார் கையில் என்று கல்வெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு கல்வெட்டு அறிஞர் சுப்பராயலுவோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றித் தொகுத்தார், 1978-இலேயே. கிளியோமெட்ரிக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மேலூர்_மாணவன்

ஐயா, நான் நினைத்துக்கொண்டிருந்தது ஸ்லேட்டர் கிராமங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களை அனுப்பி எடுத்த அளவை. அதே ஊர்களை 1930-களிலும் 60-களிலும் 80-களிலும் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக் கூலியை ஒரே ஊரில் தொடர்ந்து பார்க்கலாம் அல்லவா? பெண்களின் கூலியை மட்டும் எடுத்தால்?

செம்பருத்தி

எடுங்கள், எடுங்கள். நடவும் களையும் பெண்கள் வேலை, கூலி தனியாகப் பேசுவார்கள். அதனால் கணக்கெடுப்பைவிட இங்கே தடயம் அதிகம் கிடைக்கும்.

ஆவணப்பூச்சி

நல்ல தேர்வு. அந்த ஐந்து ஊர்களையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, நாகப்பட்டினம் பக்கம் பாலக்குறிச்சி இரண்டும் போதும். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் குஹன் செய்த மறு அளவைகளிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். இருவேல்பட்டுக்கு 2008 வரை ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் எழுதியிருக்கிறார்கள்.

1916 அளவையில் கூலி எந்தப் படியில் அளந்து கொடுத்தது என்று எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் எழுதியவர் ஒவ்வொரு மாணவர். தம் சொந்த ஊரையே எழுதியவர்களும் உண்டு. நிலமுள்ள வீட்டுப் பிள்ளை எழுதிய ஊரில் கூலியைப் பற்றி என்ன எழுதுவான், எதை விடுவான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படியின் கணக்கு பிடிபட்டதும் இங்கேயே எழுதுங்கள், வருவாய் வாரியத் தாள்களில் அந்த வட்டாரத்து அளவுகள் எந்தத் தொகுதியில் வரும் என்று சொல்கிறேன்.